மூன்று உயிர், எட்டு ஸ்டேஜ்: கான்ட்ரா மறுபடி வந்த கதை

கான்ட்ராவைக் கரைத்துக் குடித்தவன் என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிற நாற்பது வயதுக்காரர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “அஞ்சாவது ஸ்டேஜ் எங்க நடக்கும்?” பாதிப் பேர் முழிப்பார்கள். “பனிக்காட்டுல அண்ணாச்சி” என்று பட்டென்று பதில் வந்தால் அந்த ஆள் உண்மையிலேயே விளையாடியவர். மற்றவர்களுடைய கான்ட்ரா மூன்றாவது ஸ்டேஜ் அருவியிலேயே முடிந்திருக்கும். முடித்துவைத்தது எதிரி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிய கூட்டாளி. அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் டிவி மெக்கானிக். பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் ஒரு சந்தில் கடை. தொண்ணூறுகளில் ரிப்பேர் வேலை போக, கடையின் முன்பக்கம் இரண்டு டிவியும் இரண்டு ‘டிவி கேம்’ பெட்டியும் போட்டு வாடகைக்கு விட்டேன். அரை மணிக்கு மூன்று ரூபாய். பள்ளிக்கூடம் விட்டதும் கடைவாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. பத்தில் எட்டுப் பையன்கள் கேட்டது ஒரே கேசட்டைத்தான்: கான்ட்ரா.

அந்தக் கான்ட்ரா 2024 மார்ச் 12 அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்தது. பெயர் ‘கான்ட்ரா: ஆபரேஷன் கலூகா’. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சித்திரை விசுவுக்கு ஊருக்கு வந்தபோது அதைத் தன் ‘ஸ்விட்ச்’ என்ற கேம் பெட்டியில் போட்டுக் காட்டினான். “மாமா, உங்க கேம் திரும்ப வந்திருக்கு, பாருங்க” என்றான். பார்த்தேன், விளையாடினேன், தேடிப் படித்தேன். படித்ததில் புரிந்தது இது: பழைய விளையாட்டைத் திரும்பக் கொண்டுவருகிறவனுக்குப் படம் வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. பழைய பெட்டியின் எந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும், எந்தக் குறையில் கை வைக்கவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு மெக்கானிக்கின் கேள்வி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊருக்கு வந்த பெட்டி

ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983-இல் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற பெட்டியை வெளியிட்டது. டிவியில் செருகி விளையாடலாம். அமெரிக்காவுக்குப் போனபோது அதற்கு என்.இ.எஸ். என்று பெயர். இந்தியாவில் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் சாமான் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. அதனால் உதிரிப் பாகங்களாக வரவழைத்து, உரிமம் பெற்று இங்கேயே பூட்டி ‘சாமுராய்’ என்ற பெயரில் விற்றார்கள்.

எங்கள் பக்கம் சாமுராயை நான் அதிகம் பார்த்ததில்லை. வந்ததெல்லாம் நகல் பெட்டிகள். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்த காலம் அது. துபாயிலிருந்தோ சவுதியிலிருந்தோ ஊருக்கு வருகிற மாமா கொண்டுவரும் பெட்டிக்குள் சோப்பு, சென்ட், டார்ச் லைட்டோடு ஒரு டிவி கேமும் இருக்கும். பிறகு மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று இந்தியப் பெயர் ஒட்டிய பெட்டிகள் கடைகளிலேயே கிடைத்தன. உள்ளே திறந்தால் எல்லாம் ஒரே ஜாதி.

கேசட்டையும் திறந்து பார்த்திருக்கிறேன். மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு போர்டு. நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. எப்பாக்ஸி பசையைச் சொட்டுவிட்டு மூடிய சிப். கான்ட்ரா முழுவதும், எட்டு ஸ்டேஜும் பாட்டும் வெடியும் சேர்த்து, 128 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு காலை வணக்கப் படத்துக்கே அந்த இடம் போதாது. கேசட் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது நாலைந்து கேம்தான். அதையே முதல் ஸ்டேஜிலிருந்து ஒன்று, மூன்றாவது ஸ்டேஜிலிருந்து ஒன்று, முப்பது உயிரோடு ஒன்று என்று பிரித்துப் பட்டியலை நீட்டியிருப்பார்கள்.

பெட்டி ரிப்பேருக்கு வரும் காரணங்களும் எண்ணி இரண்டு மூன்றுதான். 9 வோல்ட் அடாப்டரிலிருந்து வருவதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர் சூடேறிப் போயிருக்கும். அல்லது ஜாய்ஸ்டிக்கில் சுடுகிற பட்டனுக்கு அடியில் உள்ள ரப்பரின் கார்பன் தேய்ந்திருக்கும். பென்சில் கரியைத் தேய்த்துக் கொடுத்தால் ஒரு மாதம் ஓடும். கேசட் வேலை செய்யவில்லை என்றால் பையன்கள் வாயால் ஊதுவார்கள். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு செம்புக் கால்கள் கறுக்கும், அழிரப்பரால் தேயுங்கடா என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒருவனும் கேட்கவில்லை.

இரண்டு பேர், ஒரு அருவி

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பிளாட்ஃபார்ம் கேம்’ என்றால் மேடு பள்ளம் பார்த்து ஓடி, தாவி, திட்டுக்குத் திட்டு ஏறிப் போகிற விளையாட்டு. மரியோ அந்த வகை. கான்ட்ராவில் அதோடு கையில் துப்பாக்கியும் சேர்ந்துகொள்ளும். கோனாமி கம்பெனி 1987-இல் இதைக் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரத்துக்குச் செய்தது. 1988-இல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றியது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 2633-ஆம் வருஷம், நியூசிலாந்து பக்கம் கலூகா என்ற தீவுக்கூட்டம், அங்கே இறங்கிய வேற்றுக்கிரகக் கும்பல். அதை ஒழிக்க பில், லான்ஸ் என்று இரண்டு வீரர்கள். ஒருவனுக்கு நீல பேன்ட், இன்னொருவனுக்குச் சிவப்பு பேன்ட். என் கடையில் ஒரு டிவி கறுப்பு வெள்ளை. அதில் இரண்டு பேன்ட்டும் சாம்பல் நிறம்தான். யார் எவன் என்று தெரியாமல் பாதி விளையாட்டு போன பிறகு, “நான் சுட்டுக்கிட்டு இருந்தது ஒன்னையாலே?” என்று சண்டை வரும்.

ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போச்சு. மொத்தம் மூன்றே உயிர். உயிர் போனால் கையில் இருந்த நல்ல துப்பாக்கியும் போய்விடும். விசிறி மாதிரி ஐந்து குண்டு பாயும் ‘எஸ்’ துப்பாக்கி கிடைத்துவிட்டால், அதை வைத்திருப்பவன் ராஜா. அது பறிபோனபோது அழுத பையன்களையும் பார்த்திருக்கிறேன்.

தலைப்புத் திரையில் மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்தினால் மூன்று உயிர் முப்பதாகும். இந்த வித்தையை உண்டாக்கியவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-இல் ‘கிரேடியஸ்’ என்ற வேறொரு கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க அது தனக்கே கஷ்டமாக இருந்ததால் இந்தக் குறுக்குவழியை வைத்தார். 2020 பிப்ரவரியில் அவர் காலமானபோது உலகம் முழுக்க அந்தப் பத்து அழுத்தலையே அஞ்சலியாக எழுதினார்கள். தெற்கு பஜாரில் அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அந்த வரிசை மட்டும் சாமி மந்திரம் மாதிரி எல்லாப் பையன்களுக்கும் மனப்பாடம்.

இப்போது அருவிக்கு வருகிறேன். முதல் ஸ்டேஜ் காட்டில் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். மூன்றாவது ஸ்டேஜில் கீழிருந்து மேலாக, அருவியை ஒட்டிய பாறைகளில் தாவித் தாவி ஏற வேண்டும். ஒருவன் வேகமாக மேலே ஏறினால் திரையும் அவனோடு மேலே போகும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே மாட்டிக்கொண்டு செத்துப்போவான். எதிரி யாரும் சுட வேண்டியதில்லை. “அண்ணாச்சி, இவன் வேணும்னே மேல ஏறிட்டான்!” என்ற புகாரை நான் கேட்காத நாளே இல்லை. இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. உன் உயிர் எல்லாம் தீர்ந்துவிட்டால், பட்டனை அழுத்திக் கூட்டாளியின் கையிருப்பிலிருந்து ஒரு உயிரை எடுத்துக்கொள்ளலாம். அவனிடம் கேட்க வேண்டியதில்லை. “ஏலே, ஒரு லைஃப் எடுத்துக்கிடுதேன்” என்று கெஞ்சுகிறவன் ஒரு ரகம், கேட்காமலே எடுக்கிறவன் இன்னொரு ரகம். யார் எந்த ரகம் என்று அந்தத் திரையிலேயே தெரிந்துவிடும். அண்ணன் தம்பிகளுக்கு ஜாய்ஸ்டிக் கொடுக்கும்போது நான் கொஞ்சம் தள்ளியே உட்காருவேன்.

குறையே அச்சாக

அந்தப் பெட்டியின் வசதிகளைக் கேட்டால் இன்றைய பையன்களுக்குச் சிரிப்பு வரும். குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி. வேலை செய்ய 2 கிலோபைட் நினைவகம். திரையில் நகர்கிற உருவங்களை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்றே நிறம் கொடுக்க வேண்டும். பத்தமடையில் பாய் நெய்கிறவர் கோரையை எண்ணி எண்ணிப் பூப்போடுகிற மாதிரிதான். ஒரு புள்ளி தள்ளி வைத்தால் வீரனுக்கு மூக்கு இருக்காது.

நகர்கிற துண்டுகள் திரையில் மொத்தம் 64 வரைதான். ஒரே கிடைவரியில் எட்டுக்கு மேல் வந்தால் ஒன்பதாவதை அந்தப் பெட்டி காட்டாது. அதனால் புரோகிராம் எழுதியவர்கள் முறைவைத்துக் காட்டினார்கள்: இந்த நொடித்துளியில் இவனை, அடுத்த துளியில் அவனை. பார்ப்பவன் கண்ணுக்கு உருவங்கள் மினுக்மினுக்கென்று அடிக்கும். “டிவி போயிருச்சு அண்ணாச்சி, படம் ஆடுது” என்று என்னிடம் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. டிவியில் ஒன்றும் இல்லை, ஒரே வரியில் ஆள் கூடிவிட்டது என்று விளக்கிச் சொல்லி அனுப்புவேன்.

இடம் கொஞ்சமாக இருந்ததால்தான் விளையாட்டு கறாராக அமைந்தது. பீரங்கிகள் எப்போதும் அதே இடத்தில்தான் இருக்கும். குண்டு மெதுவாகத்தான் வரும், கண்ணால் பார்த்து விலகலாம். சும்மா நின்றால் சிப்பாய்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அதனால் ஓடித்தான் ஆக வேண்டும். தாவும்போது வீரன் பந்து மாதிரி சுருண்டு கரணம் போடுவான். பார்க்க அழகு, அதோடு குண்டு படுகிற உடம்பும் சின்னதாகிறது. பத்து வயதுப் பையன் மெனு, விளக்கம் எதுவும் படிக்காமல் பத்து நிமிஷத்தில் இவ்வளவையும் கற்றுக்கொண்டான். செத்தால் ஏன் செத்தோம் என்று அவனுக்கே தெரியும். கான்ட்ராவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்த நியாயம் கெட்டுவிட்டால் எத்தனை கோடி நிறம் போட்டாலும் அது கான்ட்ரா ஆகாது.

வசதி கூடியதும் வந்த வினை

இந்த நியாயத்தைக் கான்ட்ராவின் சொந்தக்காரர்களே மறந்தார்கள். 1990-களின் நடுவில் முப்பரிமாணப் படம் காட்டும் பிளேஸ்டேஷன் வந்தது. பழைய கேம்களையெல்லாம் பிடித்து முப்பரிமாணத்துக்குள் தள்ளினார்கள். 1996-இல் வந்த ‘கான்ட்ரா: லெகசி ஆஃப் வார்’ அப்படிச் செய்யப்பட்டது. ஹங்கேரியில் இருந்த ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஆழம் வந்தது, நிழல் வந்தது. குண்டு எந்தத் தூரத்தில் வருகிறது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கவாட்டில் பார்த்தபோது ஒரு பார்வையில் தெரிந்தது, மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது தெரியவில்லை. 1998-இல் இன்னொரு முப்பரிமாணக் கான்ட்ரா வந்து அதைவிட மோசமாகப் போனது. பிறகு கொஞ்சம் எழுந்தது, மறுபடி சறுக்கியது. 2019-இல் வந்த ‘ரோக் கோர்ப்ஸ்’ பழைய ரசிகர்களையே விரட்டிவிட்டது.

நடுவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2007-இல், கான்ட்ராவுக்கு இருபது வயதானபோது, கலிஃபோர்னியாவில் உள்ள வேஃபார்வர்ட் என்ற சின்ன நிறுவனத்திடம் கோனாமி வேலையைக் கொடுத்தது. அவர்கள் செய்தது ‘கான்ட்ரா 4’. நின்டெண்டோ டி.எஸ். என்ற கையடக்கப் பெட்டிக்கு இரண்டு திரை, ஒன்றின் மேல் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரே உயரமான களமாக்கி, மேலே தாவிப் பிடிக்க ஒரு கொக்கியும் கொடுத்தார்கள். படம் புள்ளிப் படம்தான். ஒரு குண்டு பட்டால் சாவு, அதிலும் மாற்றம் இல்லை. உள்ளே கொடுக்கப்படும் சவால்களை முடித்தால் பழைய கான்ட்ராவே பரிசாகத் திறக்கும். பெட்டியில் புதிதாக என்ன இருக்கிறது என்று பார்த்து அதைப் பழைய விதிக்குள் கொண்டுவந்தார்களே தவிர, விதியைத் தூக்கி எறியவில்லை.

மூன்று வழிகள்

கான்ட்ரா மட்டும் இப்படி மறுபடி வரவில்லை. பழைய தொடர்களைத் திரும்ப எடுத்தவர்களில் வேறு இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

ஒன்று, கேப்காம் நிறுவனத்தின் ‘மெகா மேன் 9’, 2008. அந்தத் தொடரின் ஏழாவது கேம் பதினாறு பிட் பெட்டிக்கும், எட்டாவது பிளேஸ்டேஷனுக்கும் போய்விட்டன. ஒன்பதாவதை இன்டி கிரியேட்ஸ் என்ற குழு வேண்டுமென்றே எங்கள் டிவி கேம் மாதிரியான பழைய எட்டு பிட் பெட்டியின் தோற்றத்திலும் சத்தத்திலும் செய்தது. 1988-இல் வந்த இரண்டாவது கேமை அளவுகோலாக வைத்துக்கொண்டு, நடுவில் சேர்ந்த சறுக்கு, சக்தி ஏற்றிச் சுடுதல் எல்லாவற்றையும் கழற்றினார்கள். அதோடு நிற்கவில்லை. நான் மேலே சொன்ன மினுக்கலையும், ஆள் கூடினால் ஓட்டம் மந்தமாவதையும் வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள மெனுவில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாங்கள் காசு வாங்கிக்கொண்டு “இது ரிப்பேர் இல்லைங்க” என்று திருப்பி அனுப்பிய குறையை, இவர்கள் காசு வாங்கிக்கொண்டு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இரண்டு, சேகா நிறுவனத்தின் ‘சோனிக் மேனியா’, 2017. சோனிக் என்ற நீலநிற முள்ளெலியை எங்கள் பக்கம் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்தோம். சேகாவின் மெகா டிரைவ் பெட்டியை 1995-இல் ஷா வாலஸ் கம்பெனி இந்தியாவில் இறக்கியபோது விலை 18,000 ரூபாய். அன்றைக்கு அந்தக் காசுக்கு என் கடையில் இருந்த எல்லா டிவியையும் வாங்கியிருக்கலாம். சேகாவும் முப்பரிமாணத்தில் பலமுறை அடிவாங்கியது. கடைசியில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ரசிகரைக் கூப்பிட்டது. பழைய சோனிக் கேம்களைத் தானே எழுதிய மென்பொருளில் ஓட்டிக் காட்டியவர் அவர். சேகா அவர் மேல் வழக்குப் போடவில்லை, வேலை கொடுத்தது. ஹெட்கேனன், பகோடாவெஸ்ட் என்ற இரண்டு ரசிகர் குழுக்களும் சேர்ந்தன. அவர்கள் பழைய பெட்டியின் எல்லையை அப்படியே பிடித்துக்கொள்ளவில்லை. அந்தத் தொடர் முப்பரிமாணத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அடுத்த பெட்டியில் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்தார்கள். பழைய இடங்களையே எடுத்து, பாதி வரை தெரிந்த வழியாகக் கூட்டிப்போய், மீதியில் தெரியாத வழியைத் திறந்துவிட்டார்கள்.

மூன்றாவது வழி ஆபரேஷன் கலூகா. செய்தது ‘கான்ட்ரா 4’ செய்த அதே வேஃபார்வர்ட். 1988 கதையைத்தான் முதலிலிருந்து மறுபடி சொல்கிறது. உருவங்கள் முப்பரிமாணத்தில் செய்யப்பட்டவை, ஓட்டமும் சுடுதலும் பழையபடி பக்கவாட்டில். 1996-இல் தெரியாமல்போனதை இந்த முறை தெரிந்து செய்திருக்கிறார்கள். குண்டு வரும் கோடு தெளிவாகத் தெரிகிறது. அதே துப்பாக்கி எழுத்தை இரண்டாம் முறை எடுத்தால் அதன் வலு கூடும். ஆபத்து நேரத்தில் கையில் உள்ள துப்பாக்கியையே பலிகொடுத்து ஒரு பெரிய வித்தை காட்டலாம். கதை முறையில் இரண்டு பேர், ஆர்கேட் முறையில் நான்கு பேர் வரை ஆடலாம்.

எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரு அடியில் சாவா, பல அடி தாங்கும் சக்திக்கோடா என்று ஆரம்பத்திலேயே கேட்கிறது. மருமகன் ஒரு அடியை எடுத்தான். நான் கோட்டை எடுத்தேன். பழைய ரசிகர்கள் சிலருக்கு இது துரோகமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐம்பது தாண்டிய விரல் பதினைந்து வயது விரல் மாதிரி ஓடாது. விதி இன்னும் அங்கேயே இருக்கிறது, அதற்குள் நுழைய இன்னொரு வாசல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிடிக்காததும் உண்டு. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஆட்கள் நின்று பேசுகிறார்கள். பழைய பில் ஒரு வார்த்தை பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. உருவங்களில் ‘கான்ட்ரா 4’-இன் புள்ளிப் படத்தில் இருந்த முறுக்கும் இல்லை. இரண்டில் எது என்றால் 2007-க்குத்தான் என் ஓட்டு.

வெள்ளத்தில் வந்த கேசட்

கலூகா வருவதற்கு மூன்று மாதம் முன்னால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், தாமிரபரணியில் வந்த வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜங்ஷன், மீனாட்சிபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த சில வாரங்கள் என் கடையில் சேறு வாடைதான். மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர் மூன்று சாமானைக் கொண்டுவந்தார்: இரண்டு வருஷம் ஆன எல்.இ.டி. டிவி, பரணில் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய டிவி கேம் பெட்டி, நாலு கேசட்.

எல்.இ.டி. டிவியின் போர்டில் செம்புக்கோடுகள் பச்சை பூத்துவிட்டன. ஒன்றும் செய்வதற்கில்லை. பெட்டியில் ரெகுலேட்டரை மாற்ற வேண்டியிருந்தது. கேசட்டுகளைத் திறந்து, வண்டலை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கால்களை அழிரப்பரால் துடைத்தேன். நாலும் ஓடின. காரணம் எளிது. அதில் சுழலும் பாகம் கிடையாது, பேட்டரி கிடையாது, தகவல் சிப்பிலேயே பொறிக்கப்பட்டது. அதன் மேல் அந்தக் கறுப்புப் பொட்டு காற்று கூடப் புகாமல் மூடியிருந்தது. நகல் போடுகிறவன் செலவு மிச்சப்படுத்த ஊற்றிய பசை, வெள்ளத்தில் காவல் நின்றிருக்கிறது.

கேசட் ஓடியது, ஆனால் காட்டுவதற்குச் சரியான டிவி இல்லை. புது டிவியில் பழைய பெட்டியைச் செருகினால் படம் வரும், சுவை வராது. பழைய பிக்சர் டியூப் டிவி, சிக்னல் வந்த கணத்திலேயே வரிவரியாக வரைந்துகொண்டு போகும். புது டிவி முழுப் படத்தையும் வாங்கி, பெரிதாக்கி, மெருகு போட்டுவிட்டுத்தான் காட்டும். அதற்குள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கூடப் போய்விடலாம். தாவல் பட்டனை அழுத்தி ஆள் தாவுவதற்குள் குண்டு பட்டுவிடும். மெனுவில் ‘கேம் மோட்’ போட்டால் இது பெருமளவு குறையும். வாத்து சுடும் கேமுக்கான துப்பாக்கி மட்டும் எந்தப் புது டிவியிலும் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெளிச்சம் குழலுக்குள் விழுகிறதா என்று துப்பாக்கி பார்க்கும். டியூப் டிவியின் வேகத்தை நம்பிச் செய்த ஏற்பாடு அது.

இன்னொன்றையும் கவனித்தேன். டியூபில் புள்ளிகள் ஒன்றோடொன்று லேசாகக் கசிந்து கலக்கும். அந்தக் கசிவையும் கணக்கில் வைத்துத்தான் அன்றைய ஓவியர்கள் நிறம் வைத்தார்கள். எல்.இ.டி.யில் அதே படம் செங்கல் அடுக்கினதுபோல விறைப்பாக நிற்கிறது. இது தெரிந்துதான் ‘சோனிக் மேனியா’வில் பழைய டியூப் டிவி மாதிரி படத்தைக் காட்ட ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்.

விளையாடவும், செய்யவும்

பழைய கான்ட்ராவை முறையாக வாங்கி விளையாட நினைப்பவர்களுக்கு 2019 ஜூனில் கோனாமி வெளியிட்ட ‘கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்’ இருக்கிறது. ஆர்கேட் கான்ட்ரா, வீட்டுப் பெட்டிக் கான்ட்ரா, அதற்கடுத்த ‘சூப்பர் சி’ எல்லாம் ஒரே தொகுப்பில். நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமிக்கலாம். அருவி ஸ்டேஜில் அண்ணனோடு போகிறவர்கள் போகும் முன் சேமித்துக்கொள்வது நல்லது.

கடைக்கு வரும் பாலிடெக்னிக் பையன்கள் சிலர், “இந்த மாதிரி கேம் நாம செய்ய முடியுமா அண்ணாச்சி” என்று கேட்கிறார்கள். ஏன் முடியாது. கோடோ என்ற மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். அதில் உட்கார்ந்ததும் பெரிய உலகம், ஐம்பது ஆயுதம், பாபநாசம் மலை முழுக்க முப்பரிமாணத்தில் என்று கிளம்பினால் ஆறு மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். எல்லையை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். பிகோ-8 என்று ஒரு கற்பனைப் பெட்டி இருக்கிறது. அப்படி ஒரு இயந்திரம் கிடையாது, மென்பொருளாக மட்டும் இருக்கிறது. குறுக்கும் நெடுக்கும் 128 புள்ளி, 16 நிறம், கேசட்டுக்கு 32 கிலோபைட். அதற்குமேல் தரமாட்டேன் என்று வேண்டுமென்றே கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னப் பெட்டியில் இரண்டு பேர் நான்கே நாளில் செய்த மலையேறும் கேம்தான் பிறகு வளர்ந்து, 2018-இல் ‘செலஸ்ட்’ என்று வந்து உலகம் முழுக்கப் பரிசு வாங்கியது.

ஆகவே தம்பிகளே, கதையை அப்புறம் யோசியுங்கள், எதிரியை அப்புறம் வரையுங்கள். ஒரு ஆள், ஒரு திட்டு, ஒரு தாவல். அந்தத் தாவலை நூறு தரம் அழுத்திப் பார்த்து, நூறாவது தரமும் கை தானாகப் பட்டனுக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் அடுத்த திட்டை வையுங்கள். போகவில்லை என்றால் படத்துக்கு மெருகு போட்டுப் பயனில்லை. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமானால் கடைக்குக் கொண்டுவாருங்கள். மணிக்கணக்கு வாடகை இப்போது வாங்குவதில்லை.